தூங்குவதற்கு ஒரு சுவர்

அன்று காலை நான் பேருந்தில் தூங்கிப்போனேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். பல வருடங்களாக நைட் டூட்டிதான். சிறு பிள்ளை வைத்திருப்பவர்களுக்குப் பகல், பிள்ளை வளர்ந்தவர்களுக்கு இரவு என்று எங்கள் வார்டில் யாரும் சொல்லாமலேயே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. என் மகன் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அவன் ஹாஸ்டலுக்குப் போன அந்த மாதமே நைட் டூட்டி என்னிடம் வந்தது. அப்புறம் போகவேயில்லை.

வீடு சங்கராபுரம் தாண்டி ஒரு கிராமத்தில். காலையில் டூட்டி முடித்துப் பேருந்து ஏறினால் எங்கள் நிறுத்தம் வரைக்கும் கண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவேன். அன்று பிடிக்க முடியவில்லை. யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர்.

"யக்கா, எழுந்திருங்க. இதுக்கு மேல பஸ்ஸு போவாது."

வெளியே பார்த்தேன். கல்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பேருந்தில் என்னைத் தவிர யாருமில்லை. டிரைவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து வந்த மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளை இரண்டு பேர் பேருந்துக்குப் பின்னால் ஒரு டெம்போவிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஸ்டாப்புல எழுப்பி இருக்கலாமே" என்றேன்.

"கூப்ட்டேன்க்கா. நீங்க அசையல. மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்தது. வுட்டுட்டேன்."

எனக்குப் பதற்றமோ வெட்கமோ வரவில்லை. நல்ல சாப்பாட்டை யாரோ பாதியில் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஹாரன், பாட்டு, குழி விழுந்த சாலை எல்லாவற்றுக்கும் நடுவே அப்படித் தூங்கியிருக்கிறேன். சொந்த வீட்டில் அந்தத் தூக்கம் வருவதில்லை. திரும்பும் பேருந்து கிளம்பும் வரை அதே சீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். பேருந்தில் என்னிடம் யாருக்கும் எதுவும் வேண்டியதில்லை. அதுதான் விஷயம் என்று தோன்றியது.

எங்கள் வீடு ஒரு நீளமான ஹால், பின்னால் சமையலறை, பக்கத்தில் நெல்மூட்டையும் மணிலாக்கடலை மூட்டையும் அடுக்கும் ஒரு சின்ன அறை. அவ்வளவுதான். ஹாலின் முன்பகுதியில் ஜன்னலோரம் மாமனாரின் கட்டில். ஜன்னலுக்கு வெளியே அவர் குத்தகைக்கு எடுத்து உழுத நிலம் தெரியும். இப்போது வேறு யாரோ கரும்பு வைத்திருக்கிறார்கள். அவருக்குக் காது கேட்பது குறைந்து வருடங்களாகிறது. காதில் மாட்டும் மிஷினை ஒருமுறை வாங்கிக் கொடுத்தோம். "வண்டு பூந்த மாதிரி இருக்குது" என்று கழற்றி வைத்துவிட்டார். கேட்காத காதுக்கு ஈடாக டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். செய்தி, சீரியல், பழைய படம், சமையல் நிகழ்ச்சி என்று எது ஓடினாலும் தெருமுனை வரை கேட்கும்.

அதே ஹாலின் பின்பகுதியில்தான் நான் பகலில் பாய் போட்டுப் படுப்பேன். தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். கண் சொருகும் நேரத்துக்கு விளம்பரம் வரும். விளம்பரம் அடங்கினால் தெருவிலிருந்து யாராவது மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். "தூங்கினு இருந்தியா? இந்த மாத்திரை எதுக்குன்னு மட்டும் சொல்லிடும்மா, போயிடறேன்." மூட்டை அறையில் படுத்துப் பார்த்தேன். எலி ஓடியது. மொட்டை மாடியில் படுத்துப் பார்த்தேன். வெயில் ஏறியது.

டிவியைக் குறையுங்கள் என்று மாமனாரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மரியாதை ஒரு காரணம். அதைவிட, அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று தோன்றும்.

மலையடிவாரத்திலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம், டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் கேட்டேன்.

"ஏங்க, ஹாலு நடுவுல ஒரு செவுரு வெச்சிக் குடுங்க."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "வூட்டுக்குள்ள செவுரா? இன்னாத்துக்கு?"

"பின்னாடி ஒரு ரூம்பு ஆயிடும். நான் படுத்துக்குவேன்."

"பாகம் பிரிச்சிட்டாங்கன்னு ஊரு பேசும். எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் தம்பிகூட கெடையாது. யாருக்குப் பிரிச்சி வுட்டேன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"தூக்கத்துக்குப் பிரிச்சி வுட்டேன்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சாப்பிட்டு முடித்துவிட்டு, மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

மேஸ்திரி பக்கத்து ஊர்க்காரர். அவர் மனைவியே அவருக்குச் சித்தாள், கலவை போட்டுத் தருவார். வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார், தரையைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"செங்கல்லு வாணாம்க்கா. அடியில அஸ்திவாரம் இல்லாம தரை மேல நிக்கப் போற செவுரு. கனம் ஜாஸ்தி ஆவக்கூடாது. நாலு இஞ்சு சிமெண்ட் கல்லு, உள்ள ஓட்டை வுட்டது, அது போதும். சீக்கிரமா ஏறிடும். சமையக்கட்டுக்குப் போவ ஓரமா ஒரு சந்து வுட்டு, செவுர 'ட' மாதிரி மடக்கிடலாம்." பிறகு ஜன்னலைக் காட்டினார். "பெரியவர் கட்டிலப் பின்னாடி போட்டுட்டு, ஜன்னல் பக்கத்த நீங்க ரூம்பா எடுத்துக்கினா காத்து வரும்."

மாமனார் அப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். எனக்கு இருட்டு போதும்.

"அப்போ மேல் வரிசையில ரெண்டு கல்லப் படுக்க வெச்சி வுடறேன். ஓட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெரியும். காத்து போவும்." அந்தக் கற்களைச் சமையலறைச் சந்தைப் பார்த்த மாதிரி வைக்கச் சொன்னேன். ஹால் பக்கம் வைத்தால் டிவியும் அந்த வழியாக வந்துவிடும்.

கல் வந்து இறங்கிய அன்று வாசலில் நடக்க இடமில்லை. மாமனார் வெளியே வந்து ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தார். ஓட்டைக்குள் கண் வைத்து என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் டிவி முன் உட்கார்ந்துகொண்டார். எதற்கு என்று நானும் சொல்லவில்லை. அவர் காதில் ஒரு விஷயத்தைச் சொல்வதென்றால் கத்த வேண்டும். கத்த எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் நான் டூட்டி முடிந்து வரும்போது வேலை தொடங்கியிருந்தது. சுவர் வரப்போகும் இடத்தில் தரையை உளியால் கொத்திப் பிடிமானம் செய்திருந்தார்கள். பழைய சுவரிலும் அங்கங்கே கொத்தி விட்டிருந்தார்கள், புதுச்சுவர் பல் மாதிரி அதில் கடித்துக்கொள்வதற்கு. வீடெல்லாம் சுண்ணாம்பும் தூசியும். குடத்து நீரிலும் ஒரு படலம். மேஸ்திரி நூல் கட்டி, கலவை இல்லாமல் முதல் வரிசைக் கற்களைச் சும்மா தரையில் அடுக்கி வைத்திருந்தார். கதவுக்கு விட்ட இடைவெளி தெரிந்தது.

"ஒருதடவ பாத்துக்கோங்கக்கா. கலவ போட்டாச்சின்னா நவுத்த முடியாது. எடம் போதுமா?"

கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்ற அந்தக் கல் வரிசையைத் தாண்டி உள்ளே போனேன். எவ்வளவு சின்னது! தரையில் பார்க்கும்போது எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும் என்றார் மேஸ்திரியின் மனைவி. படுத்தால் கால் நீட்ட முடியுமா என்று பார்க்க, போட்டிருந்த யூனிஃபார்மோடு தரையில் படுத்தேன். தலை பழைய சுவரில் இடிக்கவில்லை. கால் புதுக்கல்லில் படவில்லை. போதும், சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது மதியத்துக்கு மேல் ஆகியிருந்தது. கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. மேஸ்திரியும் அவர் மனைவியும் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். குழைத்த கலவை சட்டியிலேயே இறுகிப்போயிருந்தது.

"எழுப்பறதுதானே?" என்றேன்.

"எப்பிடிக்கா எழுப்பறது?" என்றார் மேஸ்திரியின் மனைவி. "கை காலெல்லாம் வுட்டுட்டு, பச்சப் புள்ள மாதிரி. பெரியவரு வேற எங்களப் பாத்து கையைக் காட்டினாரு, வெளிய போங்கன்னு."

மாமனார் எதற்குக் கையைக் காட்டினார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. தூசி பிடிக்காமல் விரட்டியிருப்பார் என்று நினைத்தேன்.

அன்று மாலைக்குள் சுவர் இடுப்பு உயரம் ஏறியது. ஒரே மூச்சில் அதற்கு மேல் ஏற்றினால் அடிக்கலவை பிதுங்கும், நாளைக்கு ஏற்றுகிறேன் என்று மேஸ்திரி கரணையைக் கழுவிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அவர் சொந்தத்தில் ஒரு சாவு. அதை முடித்து வந்தவரை உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டு கான்கிரீட் வேலைக்கு யாரோ இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போன் போட்டால், "தோ வந்துடறேன்க்கா, ரெண்டே நாளு" என்பார்.

அந்த அரைச்சுவரோடு வாழ்ந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு வலிக்கிறது. சமையலறைக்குப் போக அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இருட்டில் முழங்கை இடிக்கும். சிமெண்ட் கல் உரசினால் தோல் உரிந்துவிடும். மாமனார் அதன் மேல் டீ டம்ளர் வைத்தார், கண்ணாடி வைத்தார், சீப்பு வைத்தார். நான் பின்னால் படுத்திருந்தால் சுவருக்கு மேலே டிவி வெளிச்சம் கூரையில் நீலமும் சிவப்புமாக ஓடும். சத்தம் முன்பைவிட அதிகமாகக் கேட்டதாகத் தோன்றியது. பாதிச் சுவர் ஒன்றையும் மறைக்காது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

தெரு வந்து பார்த்துவிட்டுப் போனது. மாத்திரை கேட்க வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். "பெரியவர தனியா வெச்சிட்டீங்களா?" என்று ஒரு பெண்மணி நேராகவே கேட்டாள். "சோறு எல்லாம் ஒண்ணாத்தானே?" என்றாள். ஒன்றாகத்தான் என்றேன். அதற்குமேல் விளக்கம் சொல்லத் தோன்றவில்லை. இரவெல்லாம் விளக்கம் சொல்லிவிட்டு வருகிறேன். டிரிப்ஸ் ஏன் மெதுவாக இறங்குகிறது, டாக்டர் எப்போது வருவார், ஏன் இன்னும் காய்ச்சல் விடவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு சுவருக்காக விளக்கம் சொல்ல வேண்டுமா?

கடைசியில் கணவர் பைக்கில் போய் மேஸ்திரியைக் கையோடு அழைத்து வந்தார். அதன் பிறகு மளமளவென்று ஏறியது. கதவு இடைவெளிக்கு மேலே லிண்டல் கல், அதற்கு மேலே மீதி வரிசைகள், படுக்க வைத்த இரண்டு கற்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி மிஞ்சியது. முழுக்கல் அதில் நுழையாது. உடைந்த செங்கல் துண்டுகளைக் கலவையோடு ஒவ்வொன்றாகத் திணித்து அடைத்தார் மேஸ்திரி. நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துண்டு உள்ளே போகப் போக டிவியில் செய்தி வாசித்த பெண்ணின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடைசித் துண்டு போனதும் அவள் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. மேஸ்திரிக்குத் தெரியாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். தெரிந்திருந்தாலும் தூசி என்று நினைத்திருப்பார்.

பூச்சு முடிந்து கதவும் மாட்டியதும், "தண்ணி நல்லா காட்டணும்க்கா. ஒருவாரம் ஈரம் காயக்கூடாது. காஞ்சா வெடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலையும் எனக்குத்தான் வந்தது. ராத்திரி முழுவதும் மனிதர்களுக்கு நரம்பில் தண்ணீர் ஏற்றிவிட்டு, காலையில் வந்து சுவருக்கு மக்கில் மொண்டு ஊற்றினேன். கீழே வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தேன். அப்புறம் ஈரச் சுவரின் பக்கத்தில் பாயைப் போட்டேன்.

கதவை மூடிக்கொண்டு படுத்த முதல் நாள் பேருந்தில் வந்த மாதிரியான தூக்கத்தை எதிர்பார்த்தேன். வரவில்லை. கண்ணை மூடினால் வார்டு பெல் அடிப்பது மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன், மறுபடி படுத்தேன். இத்தனை வருடம் அரைகுறையாகத் தூங்கிப் பழகிய உடம்புக்குச் சுவர் கட்டிய செய்தி போய்ச் சேரவில்லை. கொஞ்ச நேரம் தூங்கினேன். முந்தைய நாளைவிட அது கொஞ்சம் பரவாயில்லை. இரண்டு வாரம் போனபின், தட்டினால்தான் திறக்கும் கதவு ஒன்று இருக்கிறது என்பதே பெரிதாகத் தோன்றியது. தட்ட யோசித்து சிலபேர் திரும்பிப் போனார்கள்.

அப்போதுதான் என் நாத்தனார் வந்தாள். கணவருக்கு ஒரே தங்கை. திருநாவலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. நடவு, களை, கரும்பு வெட்டு என்று எந்த வேலை கிடைத்தாலும் போகிறவள். உளுந்தூர்பேட்டையில் ஒன்று, கள்ளக்குறிச்சியில் ஒன்று எனப் பேருந்து மாறி மாறி, தகவல் சொல்லாமல் ஒரு காலை வந்து நின்றாள். நான் அப்போதுதான் டூட்டி முடித்து வந்து கைகால் கழுவியிருந்தேன். கணவர் உழவுக்குப் போயிருந்தார்.

"வாம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். "நேத்து ஒரு கல்யாணத்துல பத்து பேரு முன்னாடி கேக்கறாங்க அண்ணி. உங்க அப்பாவ செவுரு வெச்சி ஒதுக்கிட்டாங்களாமேன்னு. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிக்கறது? ஒரு வார்த்த சொன்னீங்களா? அந்த மனுஷன் இன்னா பாரமாப் பூட்டாரா?"

"அப்பிடி இல்லம்மா..."

"பின்ன எப்பிடி? இந்த வூடு அவரு கட்டினது!"

கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். சுவரில் சாய்ந்து நின்றேன்.

அவள் அப்பாவின் காதருகே குனிந்து கத்தினாள். "அப்பா! இந்தச் செவுரு எதுக்கு வெச்சாங்க?"

மாமனார் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். "தூங்கறதுக்கு."

"யாரு தூங்கறதுக்கு?"

தாடையால் என்னைக் காட்டினார். "நைட்டு பூரா முழிச்சிக்கினு வருது. நான் இங்க டிவிய வெச்சிக்கினு கத்த வுடறேன். எப்பிடித் தூங்கும்? தரையில கெடந்து தூங்கிச்சி ஒருநாளு, கல்லு நடுவுல. பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சிக்கினே ஏம்பா சத்தமா வெக்கிற? கொறைக்கறதுதானே?"

"கொறைச்சா எனக்குக் கேக்காதே" என்றார், அதைவிடச் சுலபமான பதில் இல்லை என்பதுபோல்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்து முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கோபத்தில் நிமிர்ந்திருந்த உடம்பு தளர்ந்தது. அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். வெட்டுக் கரும்பின் தோகை கிழித்த கோடுகள் முழங்கை வரைக்கும். விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்றாள். இட்லி வைத்துக் கொடுத்தேன். தின்றபடியே அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஃபேன் இருக்குதா அண்ணி?"

"இருக்குது. போய்ப் பாரு."

"ஜில்லுன்னு இருக்குது உள்ள. செத்த நேரம் முதுகச் சாச்சிட்டு எழுந்துக்கறேன். நீங்க படுக்கணுமே?"

"நீ படு. எனக்கு இன்னும் வேல இருக்குது" என்றேன். வேலை எதுவும் இல்லை.

கையலம்பிவிட்டு உள்ளே போனவள் பாயில் சாய்ந்தாள். நான் கதவைச் சாத்தும்போதே குறட்டை கேட்டது.

ஹாலில் மாமனார் ரிமோட்டைத் தேடி எடுத்தார். டிவியை அணைத்தார். பகலில் அந்த வீடு அப்படி அமைதியாகி நான் பார்த்ததில்லை. சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. வெளியே கரும்பில் காற்று போவது கேட்டது.

நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருடம் அதே இடத்தில் நான் படுத்திருந்தேனே. மகளுக்கு என்றால் விரல் தானாக ரிமோட்டுக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். அணைந்த டிவியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்தது, அல்லது புரிந்ததாக நான் நினைத்துக்கொண்டேன். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, தலையணையைத் தட்டி, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நீ வேணா இங்க படும்மா. நான் வெளிய போய்க் குந்தறேன்."

மாமனார் கட்டிலில் மருமகள் படுப்பதா! வேண்டாம் மாமா என்று கையசைத்தேன். அவர் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். நான் கட்டிலில் படுக்கவில்லை. அதன் பக்கத்தில் தரையில் படுத்தேன். ஜன்னல் காற்று வந்தது. தூங்கினேனா என்று தெரியவில்லை, எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

நாத்தனார் அதற்கும் பிறகுதான் எழுந்தாள். தலைமுடி கலைந்து, கன்னத்தில் பாயின் வரிகளோடு, திருட்டு முழி முழித்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஐயய்யோ, இன்னா அண்ணி, எழுப்பறதில்லையா? புள்ளைங்க வந்துடும்" என்று பறந்தாள். எனக்கும் டூட்டிக்கு நேரமாகியிருந்தது. இருவரும் ஒன்றாகவே நிறுத்தத்துக்கு நடந்தோம்.

"நல்ல செவுரு அண்ணி" என்றாள் பாதி வழியில். "எங்க வூட்லயும் ஒண்ணு வெக்கணும்."

"வெச்சிக்கயேன். எங்க மேஸ்திரியையே அனுப்பறேன்."

அவள் சிரித்தாள். "எங்க வூட்ல செவுரு வெச்சா அப்பறம் செவுரு மட்டுந்தான் இருக்கும். ஆளுங்க எல்லாம் தெருவுல நிக்கணும்."

கள்ளக்குறிச்சிப் பேருந்து வந்தது. கூட்டம். ஒரு சீட்டுதான் காலியாக இருந்தது. உட்காருங்க அண்ணி என்றாள், நீ உட்காரு என்றேன். இருவரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொரு பெண் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.